திருப்புளி

முதலில் டக் டக் என்றுதான் இருந்தது.
யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று
ஓவியா இரண்டு முறை போய்த் திறந்து பார்த்தாள்.
புதன்கிழமை அது கரகரவென்று மாறியதும்
கீழ்வீட்டு கோவர்த்தனன் சார் படியேறி வந்து
"மாவு மில்லு வச்சிருக்கீங்களாம்மா" என்றார்.
சிரிக்காமல்தான் கேட்டார்.

பாத்திரம் கழுவும் மெஷின்.
எல்லீஸ் நகரில் எங்கள் பிளாக்கிலேயே
இது ஒன்றுதான்.
இன்னும் ஏழு தவணை பாக்கி.
சர்வீஸ் ஆள் வியாழக்கிழமை வருவதாகச் சொன்னான்,
எந்த வியாழன் என்று சொல்லவில்லை.

வெள்ளி ராத்திரி சாமிக்குப் போன் போட்டேன்.
மாலை போட்ட நாளிலிருந்து
என் புருசன் வீரணன் எனக்கும் சாமி.
டிப்போ மெக்கானிக்.
திருப்புளியின் நுனியை இஞ்சின் மேல் ஊன்றி
பிடியைக் காதில் வைத்தால்
எந்த பேரிங் போயிருக்கிறதென்று சொல்லிவிடுவார்.
அன்று ஆண்டிபட்டிக் கணவாயில்
குமுளி வண்டி படுத்துவிட்டது.
எழுப்பப் போயிருந்தார்.

"ஓடவிட்டு, போனைப் பக்கத்துல வை."
வைத்தேன்.
அந்தப் பக்கம் பஸ் உறுமியது,
எப்பங்க கெளம்பும் என்று யாரோ கேட்டார்கள்,
ஒரு குழந்தை விடாமல் அழுதது.
"இப்பக் கேட்டது உன்னோடதா என்னோடதா?"
"எது?"
"சரி, நிப்பாட்டு. பிளக்கப் புடுங்கு."

கீழ்த்தட்டை உருவி
தண்ணீர் பீய்ச்சும் கையை விரலால் சுற்றிவிட்டேன்.
குழம்புக் கரண்டி ஒன்று கம்பி இடுக்கில்
காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது,
சுற்றுக்கு ஒரு அடி வாங்கிக்கொண்டு.
டக் டக் தீர்ந்தது.

"அது இல்ல," என்றார், "உள்ள இன்னொன்னு இருக்கு."

கையின் ஓட்டைகளில்
எங்கள் போர் தண்ணீரின் உப்பு
சுண்ணாம்பாக இறுகியிருந்தது.
ஊக்கால் ஒவ்வொன்றாகக் குத்தினேன்.
ஓவியா எண்ணினாள், பதினேழு,
அப்புறம் அவளே, இல்லை பதினெட்டு.

வடிகட்டியை இடப்பக்கம் திருகி எடுத்தேன்.
கறிவேப்பிலை,
முருங்கைக்காய்ச் சக்கை,
கடுகு, கடுகு, கடுகு.
தேங்கிய தண்ணீரைப் பழைய பனியனில் ஒற்றிப் பிழிந்தேன்.
"அடியில ஒரு மூடி இருக்கும். ஸ்பூன் காம்பக் குடுத்து நெம்பு.
கைய விட்றாத, கண்ணாடிச் சில்லு கெடந்தாலும் கெடக்கும்."

டார்ச்சு வெளிச்சத்தில்
பம்பின் குட்டி விசிறிக்கும் சுவருக்கும் நடுவே
வெள்ளையாக,
நகத்தளவு,
ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து வழவழவென்று.

எனக்குத் தெரிந்துவிட்டது.

செவ்வாய் இரவு அவருக்கு நைட் டூட்டி.
இருபத்தாறு நாளாக
சாம்பார், ரசம், மறுபடி சாம்பார்.
சிம்மக்கல்லில் இருந்து
எலும்பு ரோஸ்ட் ஒன்று, பரோட்டா ஆறு.
வீட்டுக்குள் கூடாது என்று
மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்த் தின்றோம்,
ஓவியாவும் நானும், நல்லியைத் தட்டில் தட்டித் தட்டி.
தட்டை மட்டும் மெஷினில் வைத்தேன்.
எழுபது டிகிரி சுடுதண்ணீரில்
பாவம்கூடப் போய்விடும் என்று ஒரு நினைப்பு.

"என்ன இருந்துச்சு?"

ஓவியா என்னைப் பார்த்தாள்.
உள்ளங்கையை மூடிக்கொண்டு சொன்னேன்,
"புளியங்கொட்டை."

கணவாய்க் காற்று மட்டும் கொஞ்ச நேரம் போனில் வீசியது.
"புளியங்கொட்டை இப்பிடிக் கத்தாதே" என்றார்.

பிறகு, "மூடிய அழுத்தி மாட்டு,
டிக்குன்னு கேக்கணும்."
டிக்.
"காலியா ஒரு தடவ ஓட்டு."
ஓட்டினேன்.
உள்ளே தண்ணீர் புரள்வது மட்டும் கேட்டது,
கீழே கோவர்த்தனன் சார் வீட்டில்
யாரோ செய்தி வாசிப்பதும்.

போனை மெஷின் பக்கம் நீட்டி
"இப்ப எப்பிடி?" என்றேன்.
"அது நல்லாருக்கு. போன உன் பக்கம் வை."

வைத்தேன்.
அவர் ஒன்றும் பேசவில்லை.
நானும்.
கண்டக்டர் விசில் அடிக்க
குமுளி வண்டி ஒரு முறை உதறி, செருமி,
நகரும் சத்தம் வந்தது.

"இன்னும் பன்னெண்டு நாள்" என்றார் சாமி.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.