நாலாம் நம்பர் தறி

பேனா ஸ்பிரிங்கை உருவி எடுத்தேன்.
நடுவில் ஒரு குண்டூசி, எதிலும் படாமல்.
நேராகப் பறக்கும்வரை இரண்டும்
பேச்சுவார்த்தை நின்றுபோன பக்கத்து வீட்டுக்காரர்கள்.
மோதினால் மட்டும் ஸ்பிரிங் தலையை ஆட்டி
ஊசியைத் தொடும்.
ஒருமுறை தொட்டால் போதும்.
தைரிஸ்டர் பிடித்துக்கொள்ளும்.
வயரைப் பிடுங்கும்வரை பஸ்ஸர் கத்தும்.

எனக்கு இது புதிதில்லை.
ஊடைநூல் அறுந்தால் தறியை நிறுத்துமே ஒரு முள்,
அதை இருபத்திரண்டு வருஷமாக
நகரியில் ஷெட் ஷெட்டாகப் போய்
நிமிர்த்தி வைப்பவன் நான்.
அறுந்தால் நில், அது தறி.
விழுந்தால் கத்து, இது.

முதல் விமானம் ஐப்பசியில் கரும்புக்குள் விழுந்தது.
மாசியில் வெட்டுக்காரர்கள் கொண்டுவந்தார்கள்.
தெர்மாகோல் இறக்கைக்குள் எறும்பு குடும்பம் நடத்தியிருந்தது.
"இதி மீதேனா?" என்றார் மேஸ்திரி.
ஆமாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது
நாற்பத்தாறு வயதில்.

இடைவெளிதான் பெரும்பாடு.
சிகரெட் தாள் கனம் விட்டேன்,
தரையிறங்கும்போதே அலறியது.
தீப்பெட்டி அட்டைக் கனம் விட்டேன்,
மாடியிலிருந்து போட்டும் வாய் திறக்கவில்லை.
பஸ் டிக்கெட்டை இரண்டாக மடித்த கனத்தில்
ஒத்துக்கொண்டது.
தனியாக ஒரு குட்டி பேட்டரி,
பெரியது மோதலில் கழன்று ஓடிவிடும் என்பதால்.
மேசைமேல் தட்டிப் பார்த்தேன்.
எதிர்வீட்டு நாய் எழுந்து நின்று குரைத்தது.
எனக்கு லேசாகத்தான் கேட்டது.
டப்பாவுக்குள் இருப்பதால் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரம்.
நகரி மூக்குப் பக்கமிருந்து இறங்கிய காற்று
இடது இறக்கையைத் தூக்கியது.
கட்டைவிரல் என்ன சொல்லியும் அது கேட்கவில்லை.
கரும்பு திறந்தது.
மூடிக்கொண்டது.

ஊர் முழுக்கத் தறி அடித்துக்கொண்டிருந்தது.
இரண்டு மணிக்குக் கரண்ட் போகும் என்று
வரப்பில் உட்கார்ந்தேன்.
எல்லோரும் திட்டும் அந்த ஒரு மணி நேரத்துக்கு
ஆசையாகக் காத்திருந்தவன் நான் ஒருவன்தான்.
போனது.
கிழக்கிலிருந்து ஒவ்வொரு ஷெட்டாகக்
கடைசி அடி அடித்து ஓய்ந்தது.
காதைக் கொடுத்தேன்.
சோகை உரசியது. எங்கோ செம்போத்து.
பஸ்ஸர் இல்லை.
சால்டர் விட்டிருக்கும், வேறென்ன.

அம்முலு வெளியே வந்தாள், கையில் எண்ணெய்க் குப்பி.
தறிக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது அவளுக்கு.
"அண்ணா, நாலாம் நம்பர் கீச்சு கீச்சுன்னு கத்துது.
ரெண்டு தடவை எண்ணெய் விட்டுட்டேன்.
இப்ப கரண்ட் போயி நின்னாச்சு,
இன்னும் கத்துது."
நின்ற தறி எப்படிக் கத்தும் என்றேன்.
"அதைத்தான் நானும் கேக்கறேன்."
பிறகு தலையைக் கரும்புப் பக்கம் திருப்பினாள்.
"அங்கண்ணா. உனக்குக் கேக்கலையா?"

அவள் முன்னால் நுழைந்தாள்.
இடது, இன்னும் இடது, நில்லு.
சோகை கன்னத்தில் கீறியது.
மூக்கு மண்ணில், வால் வானத்தில்.
பஸ்ஸரைக் காதருகே கொண்டுபோனேன்,
எங்கோ ஒரு கொசு.
விரல்நுனியில் வைத்தேன்,
தடதடவென்று அதிர்ந்தது.
இத்தனை நேரமும் இப்படியா கூப்பிட்டது.

எந்தச் சத்தத்தை எனக்குத் தெரியாமல்
தறி உருவி எடுத்துக்கொண்டதோ
அதே சத்தத்தைத் தேடிப்பிடித்து
திருப்பதியில் நாற்பது ரூபாய் கொடுத்து
வாங்கி வந்திருக்கிறேன்.

"பிடுங்கண்ணா, தலை வலிக்குது."
கொஞ்சம் இரு என்றேன்.

மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. அவள் ஓடினாள்.
இரண்டு தடவை விட்ட எண்ணெய்
லுங்கித் துணியில் ஒரு முழத்துக்குக் கறை.
கூலியில் பிடிப்பார்கள்.
அதை நான் தந்துவிடுகிறேன் என்றேன்
வாசலில் நின்று.
"என்னண்ணா?" என்றாள்
தறிச் சத்தத்துக்கு நடுவே.