ஈரம் கழித்த நிறை

வழக்கு இலக்கத்தைச் சொல்லமாட்டேன்.
சான்று அறை ஊர்காவற்றுறை நீதிமன்றத்தின் பின்பக்கம்.
கதவைத் திறந்தால் உப்புக்காற்று
அனுமதி கேளாமல் உள்ளே வரும்.

மார்கழி அடைமழைக்குள் கொண்டுவந்தார்கள்:
மண்ணிற நாடா இறுக்கிச் சுற்றிய நான்கு பொதி,
ஒன்று கடலுக்குள்ளேயே கிழிந்தது.
கஞ்சா, ஈரத்தோடு,
பொலிஸ் தராசில் எட்டுக் கிலோ நானூற்றி இருபது.
பொறுப்பேற்றவர்: ஞா. புளோறன்ஸ்.
அன்றிரவு இரண்டு தரம் சவர்க்காரம் போட்ட பிறகும்
கையெழுத்து வைத்த விரலில்
நனைந்த வைக்கோல் மணத்தது.

மூன்றாம் நாள் பொதி சுட்டது,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி.
கிழிசலின் ஓரம் வெள்ளையாய்ப் பூஞ்சணம்.
சான்று அழுகினால் வழக்கும் அழுகும் என்றார் பதிவாளர்.
அழுகாமல் என்ன செய்யவேணும்?
அதை அவரும் சொல்லவில்லை,
சுற்றறிக்கையும் சொல்லவில்லை.

வேலணையில் புகையிலை போடுகிற தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன்.
ஒரு இலை, என்றேன்.
என்ன இலை, என்றான்.
அரசாங்கத்து இலை.
சிரித்து முடியக் கனநேரம் எடுத்தான்.
பிறகு சொன்னான்: வெயில் காட்டாதை அக்கா,
அவசரப்பட்டால் பச்சைமணம் உள்ளுக்கே பூட்டிக்கொள்ளும்.
இருட்டும் காற்றும் காணும்.

நீதவானிடம் எழுத்தில் அனுமதி வாங்கி
முத்திரை உடைத்து
இரண்டு இறாக்கைக்கு நடுவே நுளம்புவலை இழுத்துக் கட்டிப்
பரப்பினேன்.
மின்விசிறியைச் சுவருக்குத் திருப்பிவைத்தேன்,
நேரே அடித்தால் மேல்தோல் மட்டும் காயுமாம்.
ஒவ்வொரு நாளும் புரட்டி, நிறுத்து,
கொப்பியில் எழுதினேன்.
மழை. ஏழு கிலோ தொளாயிரம்.
மழை. ஏழு எண்ணூற்றி எழுபது.
மின்வெட்டு. அதே.
வாடை விழுந்தது. ஏழு நூறு.

காம்பு வளைந்தால் இன்னும் இல்லை.
பதினைந்தாம் நாள் ஒன்று
'டிக்' என்று முறிந்தது.
யாரோ பின்னால் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

இனிப்புக் கடையில் வெறும் போத்தல் வாங்கி அடைத்தேன்.
காலையில் பத்து நிமிடம் மூடி திறக்கவேணும்,
அடைபட்டது மூச்சு விடட்டும்.
திறக்க ஒரு கையெழுத்து, மூட ஒரு முத்திரை,
சாட்சிக்குக் காவலாளி சூசைப்பிள்ளை.
அரக்கு மட்டும் மூன்று பெட்டி முடிந்தது.
பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே வரும்.
ஒரு பெடியன் மட்டும் மூக்கை உறிஞ்சிவிட்டு
என்னைப் பார்த்து மரியாதையாய்ச் சிரித்தான்.

ஆனியில் விளக்கம். சோழகம் யன்னலைப் போட்டு அடித்தது.
நீதிமன்றத் தராசில் ஆறு கிலோ நூற்றிப் பதினைந்து.
எதிரிக்காக எழும்பினார் சட்டத்தரணி அமலசிங்கம்:
மிச்சம் இரண்டு கிலோ முந்நூற்றி ஐந்து கிராம்
எங்கே, அம்மா?
மண்டபம் முழுக்க என் கைப்பையைப் பார்த்தது.

காற்றில் போனது ஐயா, என்றேன்.
எவரோ சிரித்தார்கள்.
தண்ணீர் ஐயா. கடற்தண்ணீர் கொஞ்சம்,
அதன் சொந்தத் தண்ணீர் மிச்சம்.
கொப்பியைக் கொடுத்தேன்.
மழை, மழை, மின்வெட்டு, வாடை என்று
பக்கம் பக்கமாய்ப் புரட்டினார்.
நான் நாள்வாரியாய்ச் சொல்லத் தொடங்க
நிறுத்து, என்றார் நீதவான்.

தராசைப் பார்ப்பதா வாயை மூடுவதா தெரியாமல்
இரண்டையும் செய்தேன்.

கூண்டில் எழுவைதீவு ஜெறோம்.
பிடிபட்ட அன்று கழுத்தை நிறைத்த சேட்டு,
இப்போது தோளில் கொழுவி நிற்கிறது.
ஆறு மாத விளக்கமறியல்.
அந்தக் குறைவுக்கு
ஒருவரும் கொப்பி கேட்கவில்லை.

தவணை போட்டார்கள்.
போத்தல்களைத் திரும்பத் தூக்கி அடுக்கினேன்.
ஏழாவதில் மூடி இறுக்கமில்லை.
சூசைப்பிள்ளையைக் கூப்பிட்டேன்,
சாப்பிடப் போயிருந்தார்.
கையில் அரக்கு உருகிக்கொண்டிருக்க
கதவடியில் நின்றேன்,
உள்ளே வரப் பார்த்த காற்றை
முதுகால் மறித்தபடி.