தானா ஏரி, இரவு

பெயர் சொல்லி, ஒரே ஒரு தரம்.
அட்மாசு எழுந்து உட்கார்ந்தான்.
நாணல் படகு இன்னும் காயவில்லை,
நேற்றுக் குடித்த ஏரி அதன் வயிற்றில்.
நீர்யானைகள் கரையேறும் நேரம் வேறு.
எல்லாம் சொல்லிப் பார்த்தான் இருட்டிடம்.
இருட்டு மறுபடி கூப்பிடவில்லை,
போகாதே என்றும் சொல்லவில்லை.

"எங்கேயாம்?" என்றாள் யெஷிமெபெத்.
"சொல்லவில்லை."
"யாருக்காம்?"
"அதுவும்."
அடுப்பைக் கிளறி
பார்லி வறுத்தாள், துணியில் முடிந்தாள்.
"கோலை மறந்துவிடாதே" என்று
திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நடு ஏரியில்
ஈரம் முழங்காலுக்கு ஏறி,
திரும்பிவிடலாம் என்று கை சொன்னபோது
பசித்தது. முடிச்சை அவிழ்த்தான்.

இரண்டு பேர் பங்கு.

தன் பங்கில் ஒரு வாய் மென்றபடி
கோலை ஊன்றினான்,
கரை தெரியாத பக்கமாக.