மாடுகள் எந்தப் பக்கமாக வந்தன

காலை ஒன்பதே முக்கால்.
லிட்டில் இந்தியா எம்ஆர்டி, சி வாயில்.
கழுத்தில் தொங்கும் உரிம அட்டையில்
பதினோரு வருஷத்துக்கு முந்தைய என் முகம்.
எட்டுப் பேர் வந்திருக்கிறார்கள்.
ஒருவருக்கு இப்போதே சட்டை நனைந்துவிட்டது.

ஆரம்பிக்கிறேன்.
தேக்கா என்றால் தேக்கு மரம் அல்ல,
ஹொக்கியனில் சிறுமூங்கிலின் அடி.
மூங்கில் போய்விட்டது.
நண்டு இருக்கிறது, ஆட்டுக்கால் இருக்கிறது,
மாடியில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார்கள்.
‘இங்கே சிரிப்பார்கள்’ என்று என் தாளில் ஒரு குறிப்பு.
சிரித்தார்கள்.

சாலைக்கு அந்தப் பக்கம்
கிளைவ், ஹேஸ்டிங்ஸ், டல்ஹௌசி.
எத்தனை பெரிய துரைமார்கள்,
இன்று ஃபோன் கடைக்கும் மளிகைக்கும்
முகவரியாக நிற்கிறார்கள்.
இந்தப் பக்கம் பஃபலோ ரோடு.
அடுத்த தெரு கெர்பாவ், மலாயில் அதுவும் எருமை.
துரைக்கு ஆளுக்கொரு தெரு,
எருமைக்கு மட்டும் இரண்டு.
இது என் சொந்தச் சரக்கு, தாளில் கிடையாது.

அப்போதுதான் அவள் கேட்டாள்,
வெள்ளைத் தொப்பி, என் வயதுதான் இருக்கும்:
“மாடுகள் எந்தப் பக்கமாக வந்தன?”

பதினோரு வருஷம்.
கழிவறை எங்கே, காரம் அதிகமா,
அந்தப் பூ அசல்தானா,
இங்கே சூயிங்கம் மெல்லலாமா?
மாடு வந்த வழியை
ஒருத்தர் கேட்டதில்லை.

அவள் பெயர் ரோஸலிண்ட்.
ஊர்ப் பெயரை இரண்டு முறை சொன்னாள்,
இரண்டு முறையும் நழுவவிட்டேன்.
இங்கிலாந்தில் ஒரு சந்தையூர். வியாழன்தோறும் கூடும்.
நடுவில் கல்லாலான சிலுவை,
ஒருகாலத்தில் அதன் நிழலில் வெண்ணெய் விற்றார்களாம்.
சந்தைக்கு அரசர் கொடுத்த சாசனம்
கண்ணாடிப் பெட்டிக்குள், பார்க்க மூன்று பவுன்.
அவளுடைய அப்பா மாடு ஏலம் விட்டவர்.
பட்டி இருந்த இடம் இப்போது கார் நிறுத்துமிடம்,
அவர் நின்று கூவிய மேடையில்
காசு போடும் இயந்திரம்.
“அதற்கும் யாரோ ஒருத்தி குடை பிடித்துக்கொண்டு
சரித்திரம் சொல்கிறாள், உன்னைப் போலவே” என்றாள்.
கோபப்படுவதா என்று யோசிப்பதற்குள்

கையிலிருந்த தண்ணீர் போத்தலைத் திறந்து
ரோட்டில் ஊற்றினாள்.

இதற்கு அபராதம் உண்டா?
எனக்கே தெரியாது.
“மாடு சரிவைப் பார்த்து நடக்கும்,
தண்ணீருக்கு எது வழியோ அதுதான் அதற்கும்.”
தண்ணீர் கொஞ்சம் யோசித்தது.
வெண்டைக்காய்க் கூடையைச் சுற்றி,
மிதிபட்ட ஒரு சாமந்தியைத் தூக்கிக்கொண்டு,
சாக்கடை மூடிவரை போய் நின்றது.
பின்னால் குனிந்தபடி எட்டு சுற்றுலாப் பயணிகள்.
“என்னக்கா, மோதிரமா தொலஞ்சுபோச்சு?”
காய்கறிக்கடை செல்வமலர் கேட்கிறாள்.
எருமை, என்றேன்.

மூடிக்குக் கீழே கால்வாய் உண்டு,
அது ரொச்சோரைச் சேரும்.
அந்தச் சேற்றில்தான் புரண்டிருக்கும்.
சரி, போன வழி தெரிந்தது. வந்த வழி?
ரோஸலிண்ட் உதட்டைப் பிதுக்கினாள்.
பத்தரை ஆகிவிட்டது.
அடுத்தது வானவில் நிறமடித்த சீனர் வீடு.
எல்லாரும் படம் எடுத்தார்கள், அவளும்தான்.

அடுத்த வியாழன் வேறொரு கூட்டம்.
சிறுமூங்கில், சிரிப்பு, மூன்று துரைமார்கள்.
பஃபலோ ரோட்டில் கால் வைத்ததும்
பிடித்துக்கொண்டது மழை.
ஐந்தடிக்குள் ஒண்டிக்கொண்டு
வானிலைச் செயலியைத் திட்டினார்கள்.
நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செராங்கூன் ரோடு பக்கமிருந்து
கலங்கலாக, அவசரமாக, ஒன்று.
ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கமிருந்து
தலையைத் தாழ்த்தியபடி இன்னொன்று.
வெற்றிலைக்கடை வாசலில் முட்டிக்கொண்டு
நுரைத்தன.

“இரண்டு பக்கமாகவும் வந்தன” என்றேன்.
யாரும் கேட்டிருக்கவில்லை.