முழங்கை

மாவட்டச் சாலைத் துறையில்
தூக்கு வண்டி ஓட்டுகிறவன் நான்.
தெருவிளக்கு மாற்றுவேன்,
டிசம்பரில் நட்சத்திரம் கட்டுவேன்.
ஓவியக்காரி வந்த கோடையில்
வண்டியோடு சேர்த்து என்னையும்
ஆறு வாரம் அவளுக்கு எழுதிக்கொடுத்தார்கள்.

கெட்டில் ஃபோர்க்கில்
தீவனக் கடைக்காரர் தன் வடக்குச் சுவரைக் கொடுத்திருந்தார்.
சுவர் இருக்கிறது, சித்திரம்தான் பாக்கி என்றார் மேயர்.
தொப்பி பறந்தால் நெப்ராஸ்காவில் தேடு
என்று சொல்கிற ஊர் இது.
அந்தக் காற்றில், கூடையில், நானும் அவளும்
பதினெட்டு டப்பா வண்ணமும்.

பழைய சிறையின் இரண்டு அறைகள்தான்
எங்கள் அருங்காட்சியகம்.
அங்கே ஒரு புகைப்படம்:
ரயில் நிலையத்தின் முன் பதினேழு பேர்.
வங்கிக்காரர், பாதிரியார், நாயோடு ஷெரிஃப்,
மீசைகள்.
பின்பக்கம் பென்சிலில் எல்லோருக்கும் பெயர் உண்டு,
நாய்க்கும்.
இடது ஓரத்தில், படம் முடிகிற இடத்தில்,
ஒரு முழங்கை.
அரை வாளி.

இது யார் என்றாள் ரெனாட்டா ஒல்கின்.
சாவி வைத்திருக்கும் லாவர்ன் ஸ்டட்ஸ்மன்
கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.
முழங்கை என்றார்.

நீதிமன்றத்தின் அடித்தளத்தில்
ரயில்பாதை முகாமின் சம்பளப் பேரேடு கிடைத்தது.
சீனச் சமையல்காரன், எண் நான்கு, பதினோரு டாலர்.
அடுத்த மாதமும் பதினோரு டாலர்.
அக்டோபருக்குப் பிறகு ஒரு கோடு.
அவன்தானா இவன்?
பேரேட்டுக்கு முழங்கை இல்லை,
முழங்கைக்குப் பெயர் இல்லை.

நகர மன்றத்தில்
படத்தில் இல்லாததை வரைந்தால் பொய்
என்றார் பல் மருத்துவர் ப்ளெட்சோ.
பாதியில் வெட்டினால் மட்டும் என்ன என்றாள் இவள்.
கை தூக்கச் சொன்னார்கள். நாலுக்கு மூன்று.
"முழங்கை இருக்கலாம், அதற்குமேல் கூடாது."
தீர்மானம் இப்படியே அச்சானது,
என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது.

அவள் அளவுநாடாவை எடுத்தாள்.
மீசைகளையெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் நெருக்கி
முழங்கை சரியாகச் சுவரின் மூலையில் முடியும்படி
கோடு போட்டாள்.
எனக்கு அப்போது விளங்கவில்லை.
கடைசி நாள் மாலை
வண்டியைச் சந்துக்குள் திருப்புவீர்களா என்றாள்.

சந்துச் சுவரைப் பற்றித் தீர்மானத்தில்
ஒரு வார்த்தை கிடையாது.
சந்து விளக்கு எரியவில்லை என்று
பதிவேட்டில் எழுதினேன்.
அது எரிந்துகொண்டுதான் இருந்தது,
அந்த வெளிச்சத்தில்தான் அவள் வரைந்தாள்.
விளக்கு மாற்ற எட்டு மணி நேரம்.

தோள். சாயம்போன நீல மேல்சட்டை.
வாளிக் கனத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த இடுப்பு.
நேரமாகிவிட்டவனின் நடை.
முகம் வரவேண்டிய இடத்தில்
தூரிகையை எடுத்துவிட்டாள்.
செங்கல் செங்கலாகவே இருந்தது.
இறக்குங்கள் என்றாள்,
இறக்கினேன்.

ப்ளெட்சோவின் ஜன்னல் அந்தச் சந்தைப் பார்த்தது.
வாயைத் திறந்து படுத்திருக்கிறவர்கள்
அவனைப் பார்த்தபடிதான் படுத்திருக்க வேண்டும்.
முதல் மாதம் ஒரு புகார்க் கடிதம்.
இரண்டாம் மாதம் இன்னொன்று, இன்னும் நீளமாக.
பிறகு ஒன்றும் வரவில்லை.
போன மார்ச்சில் எங்கள் துறைக்கு ஒரு சீட்டு:
அள்ளிய பனியைச் சந்துச் சுவரோரம் குவிக்காதீர்கள்,
கால் நனைகிறது.
அவர் கையெழுத்துதான்.
யாருடைய கால் என்று எழுதவில்லை.

நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள்
முன்சுவரில் பதினேழு பேரோடு
பதினெட்டாவதாக நின்று சிரிக்கிறார்கள்.
அவர்கள் போனிலும்
ஓரத்தில் அந்த முழங்கை விழுகிறது.
மூலை திரும்புகிறவர் குறைவு.
குப்பைத்தொட்டி நாற்றம் வேறு.

நேற்றிரவு சந்து விளக்கு
நிஜமாகவே அணைந்துவிட்டது.
நாளை வண்டி எடுக்கிறேன்.
பதிவேட்டில் தேதி போட்டாயிற்று.
எத்தனை மணி நேரம் என்ற கட்டத்தை
இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன்.