குழாயின் தலைப்பக்கம்

கக்கதாசபுரம், மூன்றாவது மாடி.
ஏப்ரல். இரவு ஒன்றேகால்.
நான்காயிரத்துப் பன்னிரண்டு சோதனைகள்
ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன.
சரி. சரி. சரி.
டாக்டர் கேட்குமுன்பே
தலையாட்டும் நோயாளி மாதிரி.

எங்கள் மென்பொருளின் வேலை
மறக்காமல் இருப்பது:
யார், எந்த வரியை, எப்போது மாற்றினார்,
மாறுமுன் அது என்னவாக இருந்தது.
என் வேலை
அதற்கு உண்மையிலேயே ஞாபகம் இருக்கிறதா என்று
தினமும் கேட்டுப் பார்ப்பது.

இருநூற்றுப் பதினான்காம் வரி.
நடுவில் ஒரு குத்துக்கோடு. குழாய் என்போம்.
இந்தப் பக்கம் எங்கள் நிரல்
கோப்புகளின் பெயர்களைச் சொல்லும்.
அந்தப் பக்கம் தேடுகிறவன்
'கொடி' வந்ததா என்று மட்டும் பார்ப்பான்.
வந்தது என்பான், பச்சை எரியும்.
பெயரைச் சொன்ன கையோடு
தலைப்பக்கத்துக்காரன் மயங்கி விழுந்தாலும்
குழாய் அதைக் கேட்காது.
கடைசியில் நிற்பவன் சொன்னதுதான்
சாட்சி.

இன்று காலை
இந்தக் கட்டடத்தின் மோட்டாரில் காயில் கருகிவிட்டது.
பெஹரா ஆறு மணிக்கு சுவிட்சைப் போட்டார்,
தரைத்தளத்துக் குழாயைத் திறந்தார்,
ஒரு வாளி நிறைந்தது.
"பானி ஆ கயா" என்று குழுவில் போட்டார்.
பதினேழு கட்டைவிரல்கள்.
வந்தது
குழாயில் மிச்சமிருந்த நேற்றைய தண்ணீர்.
எட்டரைக்கு நான் தலையில் நுரையோடு நின்றேன்.
லாரிக்காரர் ஆயிரத்து எண்ணூறு கேட்டார்,
அதுவும் ராத்திரிதான் வருவேன் என்றார்.

இந்த வரியில் கண் நின்றதற்கு
அலசாத தலையின் அரிப்பும்
காரணமாக இருக்கலாம்.

எழுதியது யாரென்று கேட்டேன்.
பழி என்றே பெயர் அந்தக் கட்டளைக்கு.
ரெஹானா பக்ஷி. பதினோரு ஆண்டுக்கு முன்
ஒரு வெள்ளிக்கிழமை, 11:52.
நான் பார்த்ததில்லை.
அவருடைய மற்ற இருபத்தாறு சோதனைகளும்
திருகாணி வரை இறுக்கியவை.
இதில் மட்டும் அவசரம்.
நள்ளிரவு கேப் கீழே ஹாரன் அடித்திருக்கலாம்.
அந்தக் கட்டளைக்கு
வேறு பெயர் வைத்திருக்கலாம்.

குழாயை அறுத்தேன்.
முதலில் பட்டியலை ஒரு கோப்பில் இறக்கு.
இறக்கியவன் நலமா, பார்.
பிறகு தேடு.
ஒரு வரி மூன்று வரியானது.

சிவப்பு.

'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்,
ஒரே குறியாக,
அல்லது ஒற்றைக்கொம்பும் துணைக்காலும்
தனித்தனியாக.
கண்ணுக்கு ஒரே கொ. கணினிக்கு இரண்டு.
ஒரே அடைவில் இரண்டு கொடிகளைப் பார்த்ததும்
எங்கள் நிரல்
முதலாவதைச் சொல்லிவிட்டு
இரண்டாவதில் திக்கி விழுந்திருக்கிறது,
ஒவ்வோர் இரவும்,
பச்சை விளக்குக்குக் கீழே.

ரெஹானா பக்ஷிக்குக்
கொடியை யார் கொடுத்தார்கள்?
பக்கத்து இருக்கையில்
தமிழ் தட்டுகிறவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும்,
"இதைப் போட்டுப் பாருங்கள், உடையும்" என்று
சிரித்திருக்க வேண்டும்.
கேள்வி சரியான கேள்விதான்.
பதிலை வாங்கிவரக்
குழாயை அனுப்பிவிட்டார்.

சதானந்தும் தூங்கவில்லை. செய்தி வந்தது:
"ஓடிக்கொண்டிருந்ததை ஏன் உடைத்தீர்கள்?
வியாழக்கிழமை வெளியீடு."
ஓடவில்லை என்று தட்டினேன். அழித்தேன்.
பிழையின் எண்ணை மட்டும் அனுப்பினேன்.

மாற்றக் குறிப்பில், என் பெயருக்குக் கீழே
உடன் எழுதியவர் என்று
அவர் பெயரையும் சேர்த்தேன்,
பழைய அலுவலக முகவரியோடு.
அதற்கு அஞ்சல் போகாது, தெரியும்.

இதே அடைவில்
இன்னும் அறுபத்தொரு குத்துக்கோடுகள்.
அடுத்ததைத் திறக்கிறேன்.
கீழே சம்ப்பில்
லாரித் தண்ணீர் விழும் சத்தம்.
மோட்டார் இன்னும் சுற்றி வரவில்லை.
மேலே வருமா என்பது
வேறு சோதனை.