வரிசையில் உள்ளவை

புதுவயல் அரிசி ஆலை ஆபீஸில்
பத்தொன்பது நாளாக எங்கள் பிரிண்டர்
இல்லாமல் போன ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருந்தது.

கேபிள்காரர் பழைய ரவுட்டரைக் கழற்றிப் போனார்.
புதியதற்கு வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு.
கம்ப்யூட்டருக்குச் சொன்னோம். முதலாளி போனுக்குச் சொன்னோம்.
எடைமேடைக் கேமராவுக்குக்கூடச் சொன்னோம்.
இதற்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.
நீல விளக்கு மட்டும் சிமிட்டியபடி,
கண்ணில் உமி விழுந்தவர் மாதிரி.

பென்டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு
கண்டனூர் ரோட்டு ஜெராக்ஸ் கடைக்கு நடந்தேன், தினம்.
பக்கம் மூன்று ரூபாய்.
இன்றைக்குக் கடை பூட்டு; மகனுக்குக் காதுகுத்து.
சாத்தையா லாரியில் பாலக்காட்டுக்கு இருநூற்று நாற்பது மூட்டை.
தார்ப்பாய் கட்டியாயிற்று.
வே பில் வந்தால் கிளம்புவார்.
"என்ன தங்கச்சி, அரிசி வெந்துரும் போல?"

காரைக்குடியிலிருந்து பெனிட்டோ போனில் சொன்னான்:
"ரவுட்டர் பட்டனை அமுக்குங்கக்கா,
ரெண்டு நிமிஷத்துக்குள்ள பிரிண்டர் பட்டன்."
ரவுட்டர் முதலாளி அறையில், இரும்புப்பெட்டிக்கு மேலே.
பிரிண்டர் இந்தப் பக்கம்.
நடுவில் இரண்டு சுவர், ஒரு தராசு, சிந்திக் கிடக்கிற தவிடு.
ஓடினேன். வழுக்கினேன். எழுந்து ஓடினேன்.
நேரம் முடிந்தது என்றது திரை.

"சரி, கையாலயே போடுங்க.
அஞ்சுன்னு முடியிற பேரு வேணாம்,
அது வேகமாப் போகும், சுவரைத் தாண்டாது.
மெதுவான பேரை எடுங்க."
எடுத்தேன்.
தீப்பெட்டி அளவுத் திரை, ஒரே அம்புக்குறி.
ஒவ்வோர் எழுத்துக்கும் ஏ-யிலிருந்து நடக்க வேண்டும்.
இசட் வரை போய், தாண்டிவிட்டு, மறுபடி ஒரு சுற்று.
பதினான்கு எழுத்து.
எட்டாவது பெரிய எழுத்தாம்;
பதினான்காவதில்தான் சொல்கிறான், பாவி.

கடைசியில் விளக்கு நின்றது.
சிமிட்டாமல், அசையாமல்.
கொதிகலன் சத்தத்துக்கு நடுவில்
உள்ளே ஏதோ புரண்டு படுத்தது கேட்டது.

வே பில் வரும் என்று கை நீட்டினார் சாத்தையா.
வந்ததோ மூன்றாம் தேதி பில்.
பிறகு நான்காம் தேதி, இட்லி அரிசி, ஐம்பது மூட்டை.
கல்சர் பொன்னி. தவிடு. குருணை. மறுபடி தவிடு.
பத்தொன்பது நாளும் விழுங்கி வைத்திருந்ததை
போட்ட வரிசையிலேயே திருப்பித் தருகிறது.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஏழாம் தேதி நான் ஒரு கடிதம் தட்டினேன்.
சம்பளம் கேட்ட அன்று. அவர் சிரித்த அன்று.
பிரிண்ட் கொடுத்தேன்,
கொடுத்த கையோடு அழித்தேன்.
"அழிக்கப்படுகிறது" என்று காட்டியது.
படுகிறது, படுகிறது என்றே
இத்தனை நாள் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

சாத்தையா ஒவ்வொரு தாளாகப் பார்த்து
மேசையில் அடுக்கினார்.
ஒன்றை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்.
அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்.
உள்ளறையில் முதலாளி யாரிடமோ
ஈரப்பதம் பதினேழு என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது என் லோடு இல்ல,"
எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி நீட்டினார்.
வே பில்லை இரண்டாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்து
வண்டி எடுத்தார்.

கிழிக்கலாம்.
உள்ளறைக்குக் கொண்டுபோயும் கொடுக்கலாம்;
தேதி மட்டும்தான் பழசு.
கையெழுத்துப் போடும் இடம் காலியாக, வெள்ளையாக.

பின்பக்கமும் வெள்ளைதான்.
டிரேயில் தாள் தீர்ந்ததென்று
பீப், பீப் என்கிறது பிரிண்டர்.
பெனிட்டோ இன்னும் போனில்:
"அக்கா, கனெக்ட் ஆயிருச்சா?"

ஆயிருச்சு, என்கிறேன்,
தாளைக் கையில் வைத்துக்கொண்டே.